திரும்பிப் பார்த்த முகம்

கல்லூரி வாயிலில் பேருந்துக்காக நிற்கும் மாணவர் கூட்டத்தில் அந்தச் சட்டையை நாம் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் பார்த்துவிடுகிறோம். கறுப்பு நிற டி-ஷர்ட். மார்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வெள்ளைக் கோடுகள். ஓரங்களில் சமதளமாக ஓடி, நடுவில் மலைத்தொடர்போல் எழுந்து இறங்குபவை. ஒருமுறை மூன்றாமாண்டு மாணவர் ஒருவரை நிறுத்தி, இது என்ன படம் என்று கேட்டோம். "தெரியாது சார். டிசைன் நல்லா இருந்துச்சு, வாங்கினேன்" என்றார்.

அது ஒரு விண்மீனின் துடிப்பு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல் கண்டறிந்த முதல் துடிப்பு விண்மீனிலிருந்து வந்த வானொலி அலைகள். ஏறத்தாழ 1.337 நொடிக்கு ஒன்றாக வரும் அத்துடிப்புகளை அடுக்கி, ஹெரால்டு கிராஃப்ட் என்பவர் 1970இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் படமாக்கினார். பின்னர் அது ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றது. அங்கிருந்து அதைக் கண்டெடுத்தவர் பெர்னார்ட் சம்னர் என்னும் கிதார் கலைஞர். வெள்ளையில் கறுப்பாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டவர் பீட்டர் சாவில் என்னும் வடிவமைப்பாளர். 1979 ஜூனில் வெளிவந்த 'அன்னோன் ப்ளஷர்ஸ்' என்னும் இசைத்தட்டின் உறை அது. அதன் முகப்பில் குழுவின் பெயரும் கிடையாது, தட்டின் பெயரும் கிடையாது. ஆகவே அந்த மாணவர் பெயர் தெரியாமல் அணிந்திருந்ததில் குற்றம் காண ஒன்றுமில்லை.

அந்தக் குழுவின் பெயர் ஜாய் டிவிஷன். இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த நால்வர். பாடல்களை எழுதிப் பாடிய இயன் கர்ட்டிஸ், குழு அமெரிக்காவுக்குப் புறப்பட இருந்ததற்கு முந்தைய நாள், 1980 மே 18 அன்று, தம் 23ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டாவது இசைத்தட்டு அதற்குப் பிறகுதான் கடைக்கு வந்தது. வரலாறு இவ்வளவே. அதைச் சுற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துவரும் உரைகள்தாம் மிகப் பெரியவை. அவ்வுரைகளில் பெரும்பங்கு ஒரு நிழற்படக் கலைஞருடையது. ஆன்டன் கோர்பைன் என்னும் டச்சுக்காரர் கர்ட்டிஸைக் குறித்து மூன்று பருவங்களில் மூன்று முறை சிந்தித்திருக்கிறார். 1979இல் ஒரு நிழற்படம், 1988இல் ஒரு பாடற்காட்சி, 2007இல் ஒரு முழுநீளத் திரைப்படம். எழுதுகோலைத் தொடாமல் ஒருவர் தம் கருத்தைத் தாமே திருத்தி எழுதிய கதையாகவே இதை நாம் பார்க்கிறோம். இதை எழுத நமக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதற்குப் பின்னர் வருகிறோம்.

கர்ட்டிஸின் குரலை நமக்கு அறிமுகப்படுத்தியவர் ஒரு கவிஞர். அரசு அலுவலகமொன்றில் உதவியாளராக இருந்தவர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சிற்றிதழ்களில் எழுதியவர். 2009 வாக்கில் ஒரு குறுவட்டைக் கையில் கொடுத்து, "வரி புரியலைன்னு நிறுத்திடாதீங்க தோழர். குரலை மட்டும் கேளுங்க" என்றார். நமக்கு மேற்கத்திய இசையில் பயிற்சி கிடையாது. ராக் என்றால் இரைச்சல் என்ற பொதுக் கருத்தே நமக்கும் இருந்தது. அன்றிரவு கேட்டதில் நம்மை வியக்க வைத்தது இரைச்சல் அன்று, இரைச்சல்களுக்கு இடையே விடப்பட்டிருந்த வெற்றிடம். முரசு பக்கத்து அறையில் ஒலிப்பதுபோல் இருந்தது. குரல் கனத்த கீழ்ச்சுருதியில், யாரையும் பார்க்காமல் பேசுவதுபோல் வந்தது.

அந்த வெற்றிடம் திட்டமிட்டு அமைக்கப்பட்டது என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தோம். ஸ்டாக்போர்ட் ஊரின் ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை உருவாக்கியவர் மார்ட்டின் ஹானட். முரசுத் தொகுதியின் உறுப்புகளை ஒன்றோடொன்று கலக்காதபடி பிரித்துப் பதிவுசெய்து, எண்மக் கருவியால் ஒலியைத் தாமதப்படுத்தி, மின்தூக்கியின் ஓசையையும் கண்ணாடி உடையும் ஓசையையும் இடையே சேர்த்தார். மேடையில் முரட்டுத்தனமாக வாசித்துப் பழகிய அந்த இளைஞர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. இன்னொரு செய்தி நமக்கு மிகவும் பிடித்தது. சம்னரின் கிதார் ஒலிபெருக்கி அதிகச் சத்தம் போட்டதால், பேஸ் கிதார் வாசித்த பீட்டர் ஹூக்குக்குத் தம் கீழ்த்தந்திகளின் ஒலி தமக்கே கேட்கவில்லை. வேறு வழியின்றி மேல்தந்திகளில் வாசிக்கத் தொடங்கினார். அது நன்றாக இருக்கிறது, அப்படியே வாசி என்று சொன்னவர் கர்ட்டிஸ். அடித்தளத்தில் கிடக்க வேண்டிய கருவி இராகத்தைத் தாங்கும் கருவியானது இப்படித்தான். இன்று 'துயரத்தின் ஒலி' என்று விரிவாக எழுதப்படுவதன் ஒரு பகுதி, மட்டமான ஓர் ஒலிபெருக்கியால் நேர்ந்தது. கலையின் பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதுபோன்ற செய்திகளை ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கோர்பைனும் வரி புரியாமல் குரலைக் கேட்டவரே. 1955இல் நெதர்லாந்தின் ஸ்ட்ரையன் என்னும் சிற்றூரில், சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இசைமேடைகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்த அவர் 'அன்னோன் ப்ளஷர்ஸ்' தட்டைக் கேட்டுவிட்டு, இந்த இசை பிறக்கும் நாட்டில்தான் இனி இருக்க வேண்டும் என்று 1979இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. பாடல்கள் என்ன சொல்கின்றன என்று தெரியாது. ஏதோ கனமான ஒன்றைச் சொல்கின்றன என்று மட்டும் தெரிந்திருக்கிறது. சொல்லையும் பொருளையும் பிரித்துப் பிரித்துப் பாடம் நடத்திப் பழகிய நமக்கு, சொல்லைக் கடந்து கனம் மட்டும் வந்து சேரும் இந்த அனுபவம் சற்றுப் பொறாமையூட்டுவதாகவே இருக்கிறது.

குடிபெயர்ந்த சில நாள்களிலேயே, அந்த நவம்பரில், லண்டன் லங்காஸ்டர் கேட் சுரங்க ரயில் நிலையத்தில் அவர் எடுத்த படம் இன்று ராக் இசை வரலாற்றின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. நிலத்தடி நடைவழி. நால்வரும் நமக்கு முதுகைக் காட்டி, மேலங்கிகளோடு, அப்பால் நடக்கிறார்கள். ஒருவர் மட்டும் கழுத்தைத் திருப்பிக் கேமராவைப் பார்க்கிறார். அவர் கர்ட்டிஸ்.

படத்தின் கருத்து மிக எளியது. இசைத்தட்டின் பெயர் அறியப்படாத இன்பங்களைக் குறிக்கிறது. ஆகவே அறியாத ஒன்றை நோக்கி அவர்கள் நடக்கட்டும், ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்கட்டும். இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவருக்குத் தோன்றக்கூடிய, சற்றே பாடநூல்தனமான கருத்து என்றுகூடச் சொல்லலாம். பத்திரிகைகளுக்கும் அது முதலில் பிடிக்கவில்லை. முகம் தெரியாத குழுப்படத்தை யார் அச்சிடுவார்கள்?

ஆறு மாதம் கழித்து கர்ட்டிஸ் இறந்தார். அன்றுமுதல் படம் வேறொன்றாயிற்று. மூவர் வாழ்வை நோக்கிச் செல்ல ஒருவர் மட்டும் விடைபெறுவதாகவும், போகப்போகிறவர் நம்மைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்வதாகவும் அது வாசிக்கப்பட்டது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பார்க்கும் நமக்குத் தெரிந்த செய்தி ஒன்று கூடியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது தட்டான 'க்ளோசர்' பட்ட பாடும் இதுவே. இத்தாலியின் ஜெனோவா நகரிலுள்ள ஸ்டாலியேனோ இடுகாட்டில், அப்பியானி குடும்பக் கல்லறையின் துயருறும் சிற்பங்களை பெர்னார்ட் பியர் வுல்ஃப் எடுத்த படம் அதன் உறை. கர்ட்டிஸ் உயிரோடிருந்தபோதே, குழுவினரே தேர்ந்தெடுத்தது. மரணச் செய்தி வந்ததும் சாவில் பதறிப்போனார். உறையில் கல்லறை இருக்கிறதே என்று. பிணத்தை விற்கிறார்கள் என்று சிலர் ஏசினார்கள். எல்லாவற்றையும் முன்னரே அறிந்திருந்தார் என்று சிலர் கைகூப்பினார்கள். முன்பே தேர்ந்த படம் என்னும் எளிய உண்மை இரு தரப்புக்கும் போதவில்லை.

தமிழ்க் கவிதை வாசகர்களுக்கு இந்த நோய் புதிதன்று. 1984இல் தம் முப்பத்து மூன்றாம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்ட ஆத்மாநாமின் கவிதைகளை எத்தனை பேர் அந்த ஆண்டிலிருந்து பின்னோக்கியே வாசிக்கிறோம்! அவருடைய நகைச்சுவையும், அரசியல் கோபமும், நகரத்தின் சின்னஞ்சிறு பொருள்கள்மீது அவருக்கிருந்த பிரியமும் இவ்வாசிப்பில் பின்னுக்குப் போய்விடுகின்றன. வகுப்பில் அவர் கவிதையைத் தொடங்கும் முன்பே அவர் எப்படி இறந்தார் என்று சொல்லிவிடும் பழக்கம் நமக்கும் இருந்தது. மாணவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிர்வுக்காகவே சொன்னோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தடையில்லை.

இனி நம் காரணத்துக்கு வருகிறோம்.

குறுவட்டு தந்த நண்பர் 2013இல் இறந்தார். மஞ்சள் காமாலை முற்றி, மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்து போனார். நாற்பது வயதுகூட நிறையவில்லை. அடுத்த ஆண்டு நண்பர்கள் சேர்ந்து அவர் கவிதைகளைத் தொகுத்தோம். தேர்வும் வரிசையும் முன்னுரையும் நம் பொறுப்பு. நூற்று நாற்பது கவிதைகளுக்கு மேல் இருந்தன; ஐம்பத்திரண்டை எடுத்தோம். இருளும் மௌனமும் உள்ளவை முன்னே வந்தன. கேலியும் குறும்பும் உள்ளவை 'சற்று இலேசானவை' என்று ஒதுக்கப்பட்டன. ஊரே விளக்கணைந்து கிடக்கும் ஓர் இரவைப் பற்றிய கவிதையை நூலின் கடைசியில் வைத்து, கவிஞர் தம் முடிவை முன்னுணர்ந்திருந்தார் என்று முன்னுரையில் எழுதினோம். அந்த முன்னுரையைப் பலர் பாராட்டினார்கள். கண்ணீர் வந்தது என்று ஒருவர் கடிதம் எழுதினார்.

நூலை அவர் துணைவியாரிடம் கொடுக்கப் போயிருந்தோம். அங்கேயே உட்கார்ந்து மெல்லப் புரட்டிப் படித்தார். கடைசிக் கவிதையில் நின்றார். "இது கரண்ட் போன அன்னிக்கு எழுதினது, சார்" என்றார். "அப்பல்லாம் ராத்திரிக்கு ராத்திரி போகுமே. மொட்டை மாடியில பாய் போட்டு விடிய விடியப் பேசிட்டிருந்தோம். ஒரே சிரிப்பு அன்னிக்கு." பிறகு நூலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் ஒன்று கேட்டார்: "இதுல இருக்கிறவர் யாருங்க சார்?"

அவர் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

கோர்பைனின் பிந்தைய இரு படைப்புகளையும் நாம் மீண்டும் தேடிப் பார்த்தது அந்த நாளுக்குப் பிறகுதான். அதற்கு முன் பார்த்திருந்தது வெறும் இரசனைக்காக.

1988இல் 'அட்மாஸ்ஃபியர்' என்னும் பாடல் மறுவெளியீடு கண்டபோது அவர் இயக்கிய பாடற்காட்சியில் கதை என்று ஏதுமில்லை. மணல்வெளி. முகத்தை மறைக்கும் முக்காட்டு அங்கியணிந்த குள்ள உருவங்கள் வரிசையாக நடக்கின்றன. கர்ட்டிஸின் மிகப்பெரிய நிழற்படங்களைத் தூக்கிச் செல்கின்றன. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு நடுகல் நினைவுக்கு வராமல் போகாது. நடுகல் எடுத்தபின் வீரன் ஊருக்குச் சொந்தம். பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி வழிபடுவார்கள். அவன் வீட்டில் எப்படி இருந்தான் என்பதைக் கல் சொல்லாது. சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. போதகர் வீட்டுப் பிள்ளையான கோர்பைன் எடுத்தது அப்படியொரு கல். தாம் 1979இல் எடுத்த படத்துக்கு உலகம் தந்த பொருளை அவரும் ஏற்றுக்கொண்டார் என்றே இக்காட்சியிலிருந்து நமக்குப் படுகிறது. அழகான காட்சிதான். இருந்தும் அதில் சுமக்கப்படுவது ஒரு மனிதரல்லர், ஒரு படம். நம் முன்னுரையும் இந்த ஊர்வலத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

இதற்கிடையில் 1995இல் கர்ட்டிஸின் மனைவி டெபரா ஒரு நூல் எழுதினார். இருவரும் பள்ளிப் பருவத்தில் பழகி, 1975இல் பத்தொன்பது வயதை ஒட்டி மணந்துகொண்டவர்கள். மேடையில் ஒளிவட்டம் பெற்றவர் வீட்டில் எப்படி இருந்தார், பெல்ஜிய நாட்டுப் பெண்ணொருவருடனான அவருடைய உறவு தமக்குத் தெரியவந்தபோது கைக்குழந்தையோடு தாம் எப்படி நின்றோம் என்பதெல்லாம் அதில் உண்டு. வழிபாட்டுக்கு உகந்த நூல் அன்று. கோர்பைன் தம் முதல் திரைப்படமான 'கன்ட்ரோல்' படத்துக்கு இந்த நூலையே அடிப்படையாகக் கொண்டார். அவர் நினைத்திருந்தால் தம்முடைய நினைவுகளையே படமாக்கியிருக்கலாம். அந்த நால்வரையும் நேரில் கண்டு படமெடுத்தவர் அவர். தம் கேமரா ஒருபோதும் நுழைந்திராத வீட்டை அவர் தேர்ந்துகொண்டார். யூ2, டெபெஷ் மோட் ஆகிய குழுக்களின் தோற்றத்தையே வடிவமைத்தவர் என்று பெயர் பெற்றிருந்தும், இப்படத்துக்கு முதலீடு கிடைக்காமல் தம் சொந்தப் பணத்தைப் பெருமளவு இறைத்தார். 2007 மே மாதம் கான் திரைப்பட விழாவில், இயக்குநர்களின் இருவாரம் என்னும் பிரிவில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

அதில் ஒரு காட்சி. வரிசை வீடுகள் நிறைந்த சாய்வான தெரு. கர்ட்டிஸ் காலையில் வேலைக்குப் போகிறார். பின்னணியில் குழுவின் வேகமான பாடல். பின்னாலிருந்து பார்க்கிறோம், மேலங்கியின் முதுகில் வெறுப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் பெரிய எழுத்தில். கலகக்காரன் எங்கோ தீ வைக்கப் போகிறான் என்று நினைக்கையில் அவர் ஒரு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குள் நுழைந்து தம் இருக்கையில் அமர்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தருவது அவர் பணி. பட்டாலைகளால் பெயர்பெற்ற மேக்கிள்ஸ்ஃபீல்டு ஊரில் அவர் உண்மையிலேயே பார்த்த வேலை இது. நடந்து செல்லும் அந்த முதுகைப் பாருங்கள். 1979இல் இதே முதுகைத்தான் கோர்பைன் ரயில் நிலையத்தில் எடுத்தார். அப்போது அது அறியாத ஒன்றை நோக்கிப் போயிற்று. இப்போது ஒன்பது மணி அலுவலகத்துக்குப் போகிறது.

அந்த அலுவலகத்துக்கு வேலை தேடி வந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு வலிப்பு நோய் இருந்தது. ஒருநாள் அவர் வருவது நின்றது. இறந்துவிட்டார் என்று கர்ட்டிஸுக்குத் தெரியவந்தது. 'ஷீ இஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' என்னும் பாடல் அதிலிருந்து பிறந்தது. 1978 டிசம்பர் இறுதியில், லண்டன் நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில், கர்ட்டிஸுக்கே முதல் வலிப்பு வந்தது. அடுத்த மாதம் நோய் உறுதியாயிற்று. அதன்பின் கைகளைச் சுழற்றி அவர் மேடையில் ஆடிய ஆட்டத்துக்கும் நோய்க்கும் எல்லைக்கோடு எது என்று பார்ப்பவர்களுக்குச் சில வேளைகளில் தெரியாமற்போனது. அவர் விழுந்தபோதும் கைதட்டியவர்கள் இருந்தார்கள். தன்னைப் பற்றிய பாடல் என்று உலகம் வாசிக்கும் அந்தப் பாடல், பிறிதொருவர்மீது கொண்ட இரக்கத்தில் தொடங்கியது என்பது நமக்கு முக்கியமாகப் படுகிறது. கோப்புகளுக்கு இடையே இன்னொரு மனிதரைக் கவனித்த ஓர் அலுவலர் எழுதியது அது. நம் நண்பரும் அப்படிச் சில கவிதைகள் எழுதியிருந்தார்; முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் கிழவிகளைப் பற்றி. ஐம்பத்திரண்டில் அவையும் இடம்பெறவில்லை.

படத்தில் சிரிப்பும் உண்டு. மேலாளர் ராப் கிரெட்டனாக நடித்த டோபி கெபெல் வாயைத் திறந்தாலே அரங்கு சிரிக்கும். குழுவினர் ஒருவரையொருவர் கேலிசெய்துகொள்வது நம் விடுதி மாணவர்களை நினைவூட்டும். கர்ட்டிஸ் குறும்புக்காரர், எங்களோடு சேர்ந்து கூத்தடித்தவர் என்று ஹூக்கும் பிறரும் பலமுறை சொல்லியும் எழுதியும் இருக்கிறார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேடிக்கையான சேர்க்கை ஒன்றும் உண்டு: ஜான் கூப்பர் கிளார்க் என்னும் மேடைக் கவிஞர் இளவயதுத் தாமாகத் தாமே வந்து நடிக்கிறார், கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து! யாரும் அதை மறைக்க முயலவில்லை. கர்ட்டிஸாக வந்த சாம் ரைலி, சிறிய இசைக்குழு ஒன்று கலைந்தபின் லீட்ஸ் நகரில் ஒரு கிடங்கில் சட்டைகளை மடித்து அடுக்கும் வேலையில் இருந்தவர். மேடைக் காட்சிகளில் நடிகர்களே வாசித்துப் பாடியிருக்கிறார்கள். குழுவின் அசல் பதிவுக்கு வாயசைத்திருந்தால் மீண்டும் அந்த நடுகல்லே கிடைத்திருக்கும். பாடகர் மூச்சு வாங்குவதும் குரல் ஓரிடத்தில் வழுக்குவதும் கேட்பதால், அங்கே ஓர் உடம்பு இருக்கிறது என்பது தெரிகிறது.

குறை சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். படம் கறுப்பு-வெள்ளை. வண்ணத்தில் எடுத்துப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அக்குழுவைப் பற்றிய படங்களெல்லாம் கறுப்பு-வெள்ளையில்தான் இருந்தன, ஆகவே நினைவே அந்த நிறத்தில்தான் இருக்கிறது என்பது கோர்பைன் தரப்பு. நமக்கு முழுச் சமாதானமில்லை. அந்த நிறத்தை நினைவுக்குக் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவரல்லவா? அழுக்கான சமையலறைகூட அவர் சட்டகத்தில் அழகாகிவிடுகிறது. முப்பது ஆண்டுக் கைப்பழக்கம் இலேசில் போகாது. ஆனாலும் டெபராவாக நடித்த சமந்தா மார்ட்டன் வரும் இடங்களில் அழகு தானாக ஒதுங்கிக்கொள்கிறது. துணிமூட்டையோடும் தள்ளுவண்டியோடும் நடக்கும் அந்தப் பெண்ணின் களைப்பை எந்த வெளிச்சமும் கவிதையாக்கவில்லை. இறுதியில் கோர்பைன் நம்மைச் சுடுகாட்டுப் புகைபோக்கிக்கு முன் நிறுத்துகிறார். புகை எழுகிறது. ஒலிப்பது அதே 'அட்மாஸ்ஃபியர்'. இம்முறை ஊர்வலம் இல்லை, ஏந்திச் செல்லப் படமும் இல்லை. தாம் 1988இல் எடுத்த கல்லைத் தாமே பெயர்த்துவிட்டார் என்று முதலில் எண்ணினோம். இரண்டாம் முறை பார்த்தபோது அவ்வளவு உறுதியில்லை. அந்தப் புகையும் அழகாகத்தான் இருக்கிறது.

கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. மேக்கிள்ஸ்ஃபீல்டு இடுகாட்டில் கர்ட்டிஸின் பெயரும் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' என்னும் பாடலின் தலைப்பும் பொறித்த சிறு நினைவுக்கல் ஒன்று இருந்தது. 2008இல் யாரோ அதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னர் வேறு கல் வைத்தார்கள். பக்தி அந்த அளவுக்குப் போகும்.

2014இல் கர்ட்டிஸின் குறிப்பேடுகளும் பாடல்களின் கையெழுத்துப் படிகளும் நூலாக வந்தன. டெபராவும் ஜான் சாவேஜ் என்னும் இசை எழுத்தாளரும் பதிப்பித்தது. கர்ட்டிஸ் பாடல் தாள்களை ஒரு நெகிழிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு திரிவாராம். அடித்தல் திருத்தல்களோடு அப்பக்கங்களைப் பார்க்கும்போது, முன்னுணர்ந்தவர் ஒருவரைக் காணோம். வரி சரியாக வரவில்லையே என்று திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த ஒருவரைத்தான் காண்கிறோம். பல்லார்டையும் கோகோலையும் படித்துவிட்டு அவர்கள் நூல்களின் தலைப்பைத் தம் பாடலுக்கு வைத்துக்கொண்ட இருபத்திரண்டு வயதுப் பையன். நம் நண்பரும் பையில்தான் வைத்திருந்தார், துணிக்கடைப் பையில். அந்தப் பையை அவர் துணைவியார் தாமாகவே நம்மிடம் எடுத்துத் தந்தது சென்ற ஆண்டு. தொகுப்பின் இரண்டாம் பதிப்பைப் பற்றிப் பேசப் போயிருந்தோம். முன்னுரையை எடுத்துவிடப்போகிறோம் என்றதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து படித்தோம். ரேஷன் கடையில் சர்க்கரை வாங்க நின்றதைப் பற்றி, மேலதிகாரியின் மீசையைப் பற்றி, மகள் முதன்முதலாகப் பொய் சொன்னதைப் பற்றி. அவர் சில கவிதைகளை எடுத்து வைக்கச் சொன்னார். இரண்டை வேண்டாமென்றார், ஏனென்று நாம் கேட்கவில்லை. இப்போது தொண்ணூற்றாறு கவிதைகள் இருக்கின்றன. நாம் நல்லதென்று கருதாத சிலவும் அவற்றில் உண்டு. காலவரிசையில் வைப்பதென்று முடிவு. மின்வெட்டுக் கவிதையை எங்கே வைப்பது என்றுதான் கடைசிவரை தெரியவில்லை. தாளில் தேதி இல்லை. எந்த ஆண்டு என்று கேட்டோம். 2010ஆக இருக்கலாம், 2011ஆகவும் இருக்கலாம் என்றார். மாதம்? யோசித்துவிட்டு, அக்னி நட்சத்திரம், அது மட்டும் நிச்சயம், மொட்டை மாடி தரை ராத்திரி பத்து மணிக்கும் சுட்டது என்றார். கவிதையின் அடியில் அதையே எழுதி அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம்.